விதையிலிருந்து வெண்ணெய்ப்பழ மரம்: ஒன்பது ஆண்டுத் தோட்டக் குறிப்புகள்

வெண்ணெய்ப்பழக் கொட்டையை முளைக்க வைப்பது எளிது. முளைத்த கன்றின் வேரை அடுத்த மூன்று மழைக்காலங்களுக்கு உயிரோடு காப்பதுதான் கடினம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இந்த வேலையைத் தொடங்கியபோது நான் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தேன். கொட்டை பிளக்குமா, வேர் விடுமா என்று நாள்தோறும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். கன்றை நிலத்தில் இறக்கியதும் இனி அது தானாக வளர்ந்துகொள்ளும் என்று நம்பினேன். பதினான்கு கொட்டைகளில் பன்னிரண்டு முளைத்தன. ஆனால் முதலில் நிலத்தில் நட்ட நான்கு கன்றுகளில் மூன்றை இரண்டே ஆண்டுகளில் இழந்தேன். இன்று தோட்டத்தில் இரண்டு மரங்கள் நிற்கின்றன. ஒன்று ஒட்டுக் கட்டியது. மற்றது விதையிலிருந்து வந்தபடியே விட்டுவைத்தது. அந்த மூன்று கன்றுகள் ஏன் செத்தன என்பதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் இரண்டு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்பதால், என் குறிப்பேட்டில் உள்ளவற்றை இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் கொட்டையைப் பற்றி. நெல், பயறு போல உலர்த்தி எடுத்துவைக்கக்கூடிய விதை இதுவன்று. ஈரம் குறைந்தால் உள்ளிருக்கும் கரு செத்துவிடும். பழத்தைத் தின்று முடித்தபின் அலமாரியில் பத்து நாள் கிடந்த ஒரு கொட்டையையும் நான் ஊன்றினேன். எட்டு வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது அது பாக்குப்போல இறுகிச் சுருங்கிக் கிடந்தது. எனவே நன்றாகக் கனிந்த பழத்திலிருந்து, கத்தி படாத கொட்டையை எடுத்து, ஒட்டியிருக்கும் சதையைக் கழுவிவிட்டு, அன்றே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது. கொட்டையைச் சுற்றியுள்ள பழுப்புத் தோலை ஈரம் காய்வதற்குள் நகத்தால் உரித்துவிட்டால் முளைப்பு விரைவாகிறது. உரிக்கும்போது நகக்கண்ணெல்லாம் செம்மஞ்சளாகக் கறைபடும். கொட்டையின் பால் காற்றுப்பட்டவுடன் அப்படி நிறம் மாறுவது இயல்பு. கொட்டை கெட்டுவிட்டது என்று பொருளில்லை.

கண்ணாடிக் குவளை, ஈரத்துணி, மண் தொட்டி ஆகிய மூன்று வழிகளையும் ஒரே நேரத்தில் சோதித்தேன். ஐந்து கொட்டைகளின் பக்கவாட்டில் பற்குத்தும் குச்சிகளைச் செருகி, அகன்ற அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் படும்படி குவளைகளின் விளிம்பில் தொங்கவிட்டேன். நான்கை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, வெதுவெதுப்பான இருண்ட இடத்தில் வைத்தேன். மீதி ஐந்தை, கூர்முனை மேலாகவும் அகன்ற பக்கம் கீழாகவும் இருக்கும்படி, மேல் மூன்றிலொரு பங்கு வெளியே தெரிய நேராகத் தொட்டி மண்ணில் ஊன்றினேன். ஈரத்துணியில் இருந்தவை மூன்றாம் வாரத்தில் பிளந்தன. மண்ணில் இருந்தவற்றுக்கு ஆறு வாரம் ஆயிற்று; அலமாரியில் உலர்ந்த அந்த ஒன்று மட்டும் முளைக்கவில்லை. குவளையில் இருந்தவற்றில் ஒன்று அழுகியது, நான்கு ஐந்தாம் வாரத்துக்குமேல் ஒவ்வொன்றாக வேர்விட்டன.

கொட்டை பிளப்பதை ஒருமுறை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. முதலில் அடிப்பக்கத்தில் மயிரிழை போல ஒரு கீறல் தோன்றி, இரண்டொரு நாளில் உச்சிவரை ஓடுகிறது. பிறகு இரண்டு வித்திலைகளும் கதவுபோல மெல்ல விலக, நடுவில் வெண்மையான வேர்முனை ஒன்று கீழ்நோக்கி எட்டிப்பார்க்கிறது. தண்டு எழுவதற்கு அதன்பின் மேலும் இரண்டு மூன்று வாரமாகும். இந்த இடைவெளியில் ஒன்றுமே நடக்கவில்லை என்று பொறுமையிழந்து கிளறக்கூடாது. அந்த வாரங்களில் வேர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.

குவளை முறை பார்வைக்கு அழகானது. குழந்தைகளுக்கு வேரைக் காட்ட அதைவிடச் சிறந்த வழியில்லை. ஆனால் மரம் வேண்டுமென்றால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தண்ணீரில் வளர்ந்த வேர் கண்ணாடிக் குழாய்போல முறியக்கூடியது. மண்ணுக்கு மாற்றியபோது அந்த நான்கில் இரண்டு கன்றுகள் வாடிச் செத்தன. இப்போதெல்லாம் ஈரத்துணியில் வேர்முனை ஒரு விரற்கடை நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடுகிறேன். தொட்டிக்கு அகலத்தைவிட ஆழம் முக்கியம். ஆணிவேர் அடியில் முட்டிச் சுருண்டுகொண்டால் அந்தச் சுருள் பின்னர் நிலத்திலும் அவிழாது. ஒரு முழத்துக்குக் குறையாத உயரமுள்ள நாற்றுப் பைகளை எடுத்து, கீழே நிறையத் துளையிட்டு, தென்னை நார்த்தூள், கரடுமுரடான மணல், மட்கிய இலையுரம் ஆகியவற்றைச் சமமாகக் கலந்து நிரப்பினேன்.

இளம் கன்றுக்கு முதல் சில மாதங்கள் உரம் தேவையில்லை. அந்தக் கனத்த கொட்டையே அதற்கான கட்டுச்சோறு. ஒருநாள் வாளி சரிந்து விழுந்து, ஒரு கன்றின் தண்டு மண்மட்டத்துக்கு நான்கு விரல் மேலே முறிந்துபோனது. பிடுங்கி எறியப்போய், பிறகு மனம் வராமல் விட்டுவைத்தேன். மூன்று வாரத்தில் அடிக்கட்டையிலிருந்து இரண்டு தளிர்கள் கிளம்பின. வலுவான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளினேன். கொட்டை சுருங்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும்வரை இப்படி மீளும் வலிமை கன்றுக்கு உண்டு என்பதால், அது தானாகச் சுருங்கி உதிரும்வரை அதைப் பிய்க்கக்கூடாது.

ஒரு கன்று முழங்கால் உயரம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ள வேண்டுமா என்ற கேள்வி எழும். மரத்தை விதைவழியாகவே வளர்ப்பதானால் கிள்ளலாம். பக்கக்கிளைகள் தாழ்வாகப் பிரிந்து, எட்டிப் பறிக்கும் உயரத்தில் மரம் பரவும். ஒட்டுக் கட்டும் எண்ணமிருந்தால் கிள்ளக்கூடாது. நேரான, பென்சில் பருமனுள்ள ஒற்றைத் தண்டு தேவை. எண்ணத்தை அப்போதே முடிவுசெய்துகொள்ள வேண்டும். விதைக்கன்று தாய்மரத்தைப் போன்ற பழத்தைத் தருவதில்லை. தாயின் பூவில் எந்த மரத்தின் மகரந்தம் சேர்ந்ததோ அதுவும் கலந்து, ஒவ்வொரு கொட்டையும் இதுவரை எங்குமில்லாத ஒரு புதிய மரமாகவே முளைக்கிறது. பெரும்பாலும் அது தாயைவிடச் சுமாரான பழம் தரும். எப்போதோ ஒருமுறை தாயை மிஞ்சும். உலகில் மிகுதியாக விற்பனையாகும் ஹாஸ் வகையே அப்படி வந்ததுதான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ருடால்ப் ஹாஸ் என்ற தபால்காரர் 1920களில் வாங்கி ஊன்றிய விதைகளில் ஒன்று அது. அதன்மீது அக்காலத்தில் பெயர்பெற்ற புவெர்ட்டே வகையை ஒட்டுக் கட்டியும் ஒட்டு பிடிக்கவில்லை. வெட்டாமல் விட்ட அந்தக் கன்று தந்த பழம் சிறப்பாக இருக்கவே, 1935இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தத் தாய்மரம் 2002இல் இறந்தது. அதைக் கொன்றது வேரழுகல் நோய். அதே நோய்தான் என் மூன்று கன்றுகளையும் கொண்டுபோனது.

ஓராண்டு முடிவில் பத்துக் கன்றுகள் கைவசம் இருந்தன. மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்தேன். மூன்றைப் பைகளிலேயே வைத்துக்கொண்டேன். நான்கை நிலத்தில் நட்டேன். இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் தொழுவுரமும் இலைக்குப்பையும் நிறையப் போட்டு, அதன்மேல் கன்றை வைத்து, சுற்றிலும் வட்டப்பாத்தி கட்டித் தண்ணீர் நிரப்பினேன். எந்த மரத்தையும் அப்படித்தான் நட்டுப் பழக்கம். முதல் கோடையில் நான்கும் செழித்தன. அடுத்த மழைக்காலத்தில் குழியிலிருந்த தொழுவுரம் மட்கி அமுங்கியதால், கன்றுகளும் சேர்ந்து ஒரு சாண் கீழே இறங்கின. தண்டின் அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்தது. பாத்தியில் மழைநீர் குளம்போல நின்றது. இந்தத் தாழ்வை நான் பார்த்தேன். ஆனால் தண்ணீர் நன்றாகச் சேர்கிறதே என்று மகிழ்ந்தேன்.

முதல் கன்றில் தெரிந்த அறிகுறி இதுதான்: இலைகள் வெளிர்ந்து, சிறுத்து, உச்சிவேளையில் தொங்கின. மாலையானால் ஓரளவு நிமிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றினேன். தொங்கல் அதிகமாயிற்று; இன்னும் ஊற்றினேன். பத்துப் பன்னிரண்டு நாளில் இலைகள் கருகி உதிராமல் கொம்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. கன்றைப் பிடுங்கியபோது அது ஒரு கைப்பிடி வலிகூட இல்லாமல் வந்துவிட்டது. வேர்களைக் கழுவி ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பினேன். கனத்த வேர்கள் இருந்தன. ஆனால் அவற்றிலிருந்து கிளைக்க வேண்டிய சல்லிவேர்கள் கருத்து, விரலால் தொட்டதும் ஒடிந்தன. சிலவற்றின் மேல்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூலிழை மட்டும் மிஞ்சியது. ஒப்பிட்டுப் பார்க்கப் பையிலிருந்த ஒரு கன்றின் ஓரமண்ணை மெல்ல விலக்கினேன். அதன் சல்லிவேர்கள் பாலேடு நிறத்தில், வளைத்தால் வளையும்படி இருந்தன. தண்ணீருக்கு நடுவே நின்ற கன்று, தண்ணீரைக் குடிக்க வேரில்லாமல் தாகத்தால் செத்திருக்கிறது என்பது அப்போதுதான் விளங்கியது.

இந்த அழுகலை உண்டாக்குவது பைட்டோப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிர். 1922இல் சுமத்ரா தீவின் இலவங்கப்பட்டை மரங்களிலிருந்து இதை முதலில் விவரித்ததால் இந்தப் பெயர். இலவங்கப்பட்டையும் வெண்ணெய்ப்பழமும் ஒரே குடும்பத்து மரங்கள். பூஞ்சைபோலத் தோன்றினாலும் இது உண்மையான பூஞ்சையன்று. இதன் வித்துகளுக்கு நீந்தும் திறன் உண்டு; மண்ணின் துளைகளில் தண்ணீர் நிற்கும்போது அவை நீந்திச் சென்று சல்லிவேரின் நுனிகளைப் பற்றுகின்றன. வெண்ணெய்ப்பழ மரத்தின் உணவு எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே பரவியிருப்பதாலும், மற்ற மரங்களுக்கு உள்ளதுபோல வேர்த்தூவிகள் இதற்கு மிகுதியாக இல்லாததாலும், அந்த மேல்மண் நாலைந்து நாள் நீரில் மூழ்கிக் காற்றிழந்து கிடந்தாலே மரம் தவிக்கத் தொடங்குகிறது. நோய் முற்றிய கன்றைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அடுத்தடுத்த மழைகளில் போயின. நான்காவது மட்டும் பிழைத்தது. அதை நான் சிறப்பாகக் கவனிக்கவில்லை. அது நின்ற இடம் இயல்பாகவே சற்றுச் சரிவானது, அவ்வளவுதான்.

அதன்பின் எந்த இடத்திலும் நடுவதற்கு முன் வடிகாலைச் சோதிக்கத் தொடங்கினேன். முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிட வேண்டும். மண் நனைந்த பிறகு இரண்டாம் முறை நிரப்பி, ஒரு குச்சியில் மட்டத்தைக் குறித்து, ஒவ்வொரு மணிக்கும் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மணிக்கு மூன்று நான்கு சென்டிமீட்டராவது இறங்கினால் நல்லது. கன்றுகள் செத்த இடத்தில் இரண்டாம் முறை ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் பாதிக்குழி நின்றது. அந்த இடத்தில் இனி வெண்ணெய்ப்பழம் இல்லை என்று முடிவுசெய்தேன்.

புதிய இடத்தில் குழியே வெட்டவில்லை. தரையைக் கடப்பாரையால் ஒரு சாண் கிளறிவிட்டு, அதன்மேல் ஒன்றரை மீட்டர் அகலமும் அரை மீட்டர் உயரமும் கொண்ட மேட்டைத் தோட்டத்து மேல்மண்ணாலேயே கட்டினேன். உரத்தை மேட்டுக்குள் கலக்காமல் மேலே மட்டும் தூவினேன். அதனால் மேடு மட்கி அமுங்கவில்லை. பையிலிருந்த மண்மட்டம் மேட்டின் மட்டத்தைவிட ஒரு விரல் உயரமாக இருக்கும்படி கன்றை வைத்தேன். வேர்மண்ணைக் கலைக்காமல் பையைக் கத்தரித்து உரித்தெடுக்க வேண்டும். இந்த மரத்தின் வேர் மாற்றி நடும்போது படும் காயத்தை எளிதில் ஆற்றிக்கொள்வதில்லை. கடைசியாக, சுள்ளி, மரச்சீவல், காய்ந்த இலை ஆகியவற்றை அரை முழத் தடிப்பில் மூடாக்காகப் பரப்பினேன். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடைவெளி மட்டும் வெறுமையாக விட்டேன்.

மூடாக்கு ஈரத்தைக் காப்பதற்காக மட்டும் என்றுதான் முன்பு நினைத்திருந்தேன். அதற்கு வேறொரு பயனும் உண்டு. அழுகல் உண்டாக்கும் அந்த நுண்ணுயிரின் செல்சுவரில், மரத்துண்டுகளில் இருப்பதைப் போலவே செல்லுலோசு இருக்கிறது. மரத்துண்டுகளை மட்கச் செய்யும் மற்ற நுண்ணுயிர்கள் செல்லுலோசைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கும்போது, நோயுயிரின் சுவரும் சேர்ந்து தாக்கப்படுகிறது. ஆறு மாதம் கழித்து மூடாக்கைக் கையால் விலக்கிப் பார்த்தபோது, பாதி மட்கிய இலைகளுக்கும் மண்ணுக்கும் நடுவில் பாலேடு நிறச் சல்லிவேர்கள் வலைபோலப் பின்னி, சில மேல்நோக்கி இலைக்குப்பைக்குள்ளேயே ஏறியிருந்தன. ஒன்பது ஆண்டுகளில் எனக்கு மிகுந்த நிறைவைத் தந்த காட்சி அதுதான். அன்றிலிருந்து அந்த மரத்தடியில் களைக்கொத்து படுவதில்லை. முளைக்கும் களையைக் கையால்தான் பிடுங்குகிறேன்.

தண்ணீரைக் கணக்கு வைத்து ஊற்றுவதை விட்டுவிட்டு, இப்போது விரலை நம்புகிறேன். மூடாக்கை விலக்கி, விரலை முழுதாக மண்ணுக்குள் விட்டுப் பார்க்கிறேன். பிடித்தால் உருண்டு நிற்கும் ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் இல்லை, உதிர்ந்தால் நிறைய உண்டு. தினமும் கொஞ்சம் தெளிப்பது இந்த மரத்துக்கு இரண்டு வகையில் கெடுதல். மேல்மண் எப்போதும் நசநசவென்றிருக்கும் என்பது ஒன்று. தண்ணீரில் உள்ள உப்பு கீழே இறங்காமல் வேர்மட்டத்திலேயே படியும் என்பது மற்றது. உப்பைத் தாங்கும் ஆற்றல் இதற்கு மிகக் குறைவு. மூன்றாம் ஆண்டுக் கோடையில் முதிர்ந்த இலைகளின் நுனிகள் பழுப்பாகி, ஓரங்கள் வழியாக உள்நோக்கிக் கருகிவந்தன. நோய் என்று பதறி மருந்து தேடினேன். குளோரைடு உப்பால் வரும் நுனிக்கருகல் அது. வடிகால் நன்றாக இருந்ததால், சேமித்த மழைநீரை வேர்மண் முழுதும் நனைந்து கீழிறங்கும் அளவுக்கு இரண்டு முறை ஊற்றி உப்பைக் கழுவிவிட்டேன். கருகிய இலை பச்சையாகவில்லை, ஆனால் அடுத்த கொழுந்துகள் சுத்தமாக வந்தன.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். வளர்ந்த மரத்துக்கு முழு வெயில் வேண்டும். முதல் ஆண்டுக் கன்றின் பச்சைத் தண்டு அதே வெயிலில் வெந்துபோகும். மேற்குப் பக்கம் மட்டும் நிழல்வலை கட்டி, தண்டுக்கு நீர்சேர்த்த வெள்ளைச் சுவர்வண்ணத்தைப் பூசினேன். எண்ணெய் வண்ணம் கூடாது.

பைகளில் வைத்திருந்த மூன்று கன்றுகள் ஒன்றரை ஆண்டில் பென்சில் பருமனைத் தாண்டின. ஒட்டுக் கட்டுவதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதிலேயே வாழ்நாளைக் கழித்த முதியவர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். தம்முடைய ஹாஸ் மரத்தின் கிளைநுனிகளில், மொட்டு பருத்து இன்னும் விரியாத குச்சிகளைத் தாமே வெட்டி, இலைகளைக் காம்போடு நறுக்கி, ஈரத்துணியில் சுருட்டிக் கொண்டுவந்தார். வந்ததும் முதலில் கேட்டது, “கத்தியைத் துடைச்சியா தம்பி?” என்பதுதான். நான் தண்ணீரில் கழுவியிருந்தேன். அது போதாது என்று சாராயக்கரைசலால் துடைக்கச் சொல்லி, துடைத்த பிறகு அலகை விரலால் தொடவிடவில்லை.

வேர்ச்செடியின், அதாவது ஒட்டைத் தாங்கப்போகும் கன்றின், தண்டை ஒரு முழ உயரத்தில், கீழே நான்கைந்து இலைகள் மிஞ்சும்படி கிடைமட்டமாக வெட்டி, நடுவில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குப் பிளக்க வேண்டும். ஒட்டுக்குச்சியின் அடியை இருபுறமும் ஒரே இழுப்பில் சீவி ஆப்பாக்க வேண்டும். நான் மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகச் சீவியதால் முகம் மேடுபள்ளமானது. அதைத் தூரப் போட்டுவிட்டு வேறு குச்சி கொடுத்தார். செருகும்போது, தண்டு பருமனாகவும் குச்சி மெல்லியதாகவும் இருந்ததால், அழகுக்காக அதை நடுவில் நிறுத்தினேன். அவர் என் கையைப் பிடித்து ஓரத்துக்குத் தள்ளினார். “பட்டைக்கு அடியில பச்சையா ஒரு கோடு தெரியுதில்ல, அதுவும் இதுவும் ஒரு பக்கமாவது சேரணும். நடுவுல வச்சா ரெண்டு பக்கமும் போயிடும்” என்றார். பிறகு ஒட்டுநாடாவைக் கீழிருந்து மேலாக இழுத்துச் சுற்றி, முழுக் குச்சியின்மீதும் ஒரு கண்ணாடிப் பையைக் கவிழ்த்துக் கட்டி, நிழலில் வைத்தோம்.

“நீங்க கட்டினது ஒண்ணு, நான் கட்டினது ரெண்டுங்கய்யா. எது பிடிக்கும்?” என்று கேட்டேன். “இருபது நாள் பையைத் தொடாம இருந்தா சொல்றேன்” என்றார். இருபத்து நான்காம் நாள் அவர் கட்டியதில் மொட்டு உப்பி, செம்பு நிறக் கொழுந்து பைக்குள் விரிந்தது. நான் கட்டிய இரண்டும் கறுத்துக் காய்ந்தன. ஒன்றின் கட்டை அடியோடு பட்டுப்போனது. மற்றதிலிருந்து வந்த தளிரை வளர்த்து ஒரு நண்பருக்குக் கொடுத்தேன். பிடித்த அந்த ஒன்றுதான் இன்று மேட்டின்மேல் நிற்கும் ஒட்டுமரம். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை முதல் இரண்டு ஆண்டுகள் தவறாமல் கிள்ளிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையேல் வேர்ச்செடியே மேலோங்கி ஒட்டை நலிவாக்கிவிடும்.

ஒட்டுமரம் மேட்டில் நட்ட மூன்றாம் ஆண்டு பூத்தது. முதல் பூக்களைப் பெரும்பாலும் கிள்ளிவிட்டேன். விதைமரம் எட்டாம் ஆண்டில்தான் முதல் பூவைக் காட்டியது. விதைக்கன்றுக்கு ஐந்து முதல் பதினைந்து ஆண்டுகள்வரை ஆகலாம் என்பதால் எனக்கு வாய்த்தது நடுத்தரமான காத்திருப்பு. கிளைநுனிகளில் கொத்துக்கொத்தாக, பசுமஞ்சள் நிறத்தில், பச்சைப்பயறு அளவே உள்ள பூக்கள். ஒவ்வொரு பூவும் இரண்டு முறை திறக்கிறது: முதல்முறை பெண்ணாகத் திறந்து மூடிக்கொள்கிறது, மறுநாள் ஆணாகத் திறந்து மகரந்தம் தருகிறது. ஏ வகை மரத்தில் பெண்நிலை காலையிலும், ஆண்நிலை மறுநாள் பிற்பகலிலும் வரும். பி வகையில் பெண்நிலை பிற்பகலிலும், ஆண்நிலை மறுநாள் காலையிலும் வரும். ஹாஸ் ஏ வகை. என் விதைமரம் எந்த வகை என்பதை அது பூத்தால்தான் அறியமுடியும் என்பதால், எட்டு ஆண்டுகளாக அந்தக் கேள்வியோடு காத்திருந்தேன்.

முதல் பூக்காலத்தில் பத்து நாள் தொடர்ந்து, காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் கைவில்லையோடு போய்ப் பார்த்தேன். பெண்நிலைப் பூவில் நடுவே ஒற்றைச் சூல்முடி வெண்மையாக நிமிர்ந்து நிற்க, மகரந்தத்தண்டுகள் இதழோடு படிந்து விலகிக் கிடக்கும். ஆண்நிலைப் பூவில் அந்தத் தண்டுகள் எழுந்து நின்று, அவற்றின் பைகளில் சிறு சிறு மூடிகள் மேல்நோக்கித் திறந்து மகரந்தம் ஒட்டியிருக்கும். ஒட்டுமரத்தில் காலையில் பெண்பூக்கள். விதைமரத்தில் அதே காலையில் ஆண்பூக்கள், பெண்பூக்கள் பிற்பகலில்தான். குளிர்ந்த, மேகமூட்டமான இரண்டு நாட்களில் மட்டும் ஒழுங்கு கலைந்து, ஒரே மரத்தில் இருநிலைப் பூக்களும் ஒருங்கே தெரிந்தன. தனிமரமும் காய்ப்பதற்கு இந்தக் கலைவுதான் வழிவிடுகிறது. விதைமரம் பி வகை என்று அன்று மாலை குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடிட்டேன்.

பூக்களில் ஆயிரத்துக்கு ஒன்றுகூடக் காயாக நிலைப்பதில்லை. தரையெல்லாம் பூவும் பிஞ்சும் கொட்டுவதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. காய் மரத்தில் கனியாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். முற்றிய காயைக் காம்பு சிறிது ஒட்டியிருக்கும்படி கத்தரித்து எடுத்து வீட்டுக்குள் வைத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் காம்படி இளகும். முற்றியதா என்றறிய நான் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு காயைப் பறித்து உள்ளே வைத்துப் பார்க்கிறேன். முற்றாததாக இருந்தால் கனியாமல் ரப்பர்போலச் சுருங்கும். அறுத்தால் கொட்டையின் தோல் தடித்து வெளிறியிருக்கும். முற்றிய காயில் அந்தத் தோல் காகிதம்போல மெலிந்து, கரும்பழுப்பாகியிருக்கும்.

சென்ற பருவத்தில் விதைமரம் முதல்முறையாகக் காய்த்தது. பதினொரு காய்கள். பச்சைத்தோல், நீண்ட கழுத்து, பெரிய கொட்டை. சதை குறைவு, நார் உண்டு, சுவையில் தண்ணீர்த்தன்மை மிகுதி. பழத்துக்காக என்றால் அதை வைத்திருக்கக் காரணமில்லை. ஆனால் ஒட்டுமரத்தின் பெண்பூக்கள் விரியும் காலை வேளையில் மகரந்தம் தரக்கூடிய மரம் தோட்டத்தில் இது ஒன்றே. எனவே ஒட்டுமரத்தைப் பார்த்து நிற்கும் கிழக்குப் பக்கத்து இரண்டு கிளைகளை அப்படியே விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் வரும் கொழுந்துக்காலத்துக்கு முன் வெட்டி, அந்தக் கட்டைகளில் வரும் தளிர்களில் ஹாஸ் ஒட்டுக் கட்டுவதென்று முடிவுசெய்திருக்கிறேன். விட்டுவைக்கும் கிளைகளில் சிவப்புத் துணி கட்டியாகிவிட்டது. கத்தியும் சாராயக்கரைசலும் தயாராக இருக்கின்றன. இந்த முறை குச்சியை ஓரத்தில்தான் செருகப்போகிறேன்.